ஆவணம் கைவிட்டுப் போனால் வீடும் போகும்

கேள்வி இது: "வீடற்றோருக்கு உணவும் போர்வையும் கொடுக்கும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. அடையாள ஆவணம் எடுத்துத் தரும் வேலையையும் தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். கூரையே இல்லாதவருக்கு அட்டை எதற்கு என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். ஆவணம் உண்மையில் வீடிழப்பைத் தடுக்குமா? வாக்குரிமை போன்றவற்றில் அதனால் என்ன மாறும்?"

தயங்காமல் தொடங்குங்கள். ஆனால் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டவர்களோடு அந்த வேலையை நிறுத்திக்கொள்ளாதீர்கள். தெருவில் இருப்பவருக்கு ஆவணம் எடுத்துத் தருவது மீட்பு வேலை. தடுக்கும் வேலை அதற்கு முன்பே நடக்க வேண்டும்: வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கும் நாட்களில், சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ குழந்தைகள் இல்லத்திலிருந்தோ ஒருவர் வெளியே வரும் நேரத்தில், அடி தாங்காமல் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறும் இரவில். அந்த நேரத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ் கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் பல வருட வாழ்க்கையாகிவிடும்.

வேலை போகிறது, வாடகை பாக்கி விழுகிறது, வீடு போகிறது, அந்த அலைச்சலில் ஆவணங்களும் தொலைகின்றன: இதுதான் நடக்கும் வரிசை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஆவணம் இல்லாததே முதல் அடியாகி, வேலையையும் வீட்டையும் அடுத்தடுத்துப் பறித்ததும் உண்டு. பிரிட்டனின் விண்ட்ரஷ் விவகாரத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் அங்கே குடியேறியவர்களில், 1973-க்கு முன் வந்தவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை சட்டப்படியே இருந்தது. அந்த உரிமையைக் காட்டும் காகிதம் எதையும் அரசு அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களில் பலர் வந்திறங்கியதற்குச் சான்றாக இருந்த பழைய அட்டைகளையும் உள்துறை அமைச்சகம் 2010-இல் அழித்துவிட்டது. 2014-இல் வந்த குடிவரவுச் சட்டம், வாடகைக்கு வருபவருக்கு நாட்டில் வசிக்கும் உரிமை உண்டா என்று வீட்டு உரிமையாளரே ஆவணம் பார்க்க வேண்டும் என்றது. 2016-இல் அது இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுப்பவர்களும் வங்கிகளும் இதே போல ஆவணம் கேட்டார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் வரி கட்டி வாழ்ந்தவர்கள் வேலையை இழந்தார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் தவித்தார்கள். மருத்துவச் சிகிச்சை மறுக்கப்பட்டவர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2018-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அவர்களுக்கு உரிமை முழுதாக இருந்தது. அதைக் காட்டத்தான் வழியில்லாமல் போனது. கூரை இல்லாதவருக்கு அட்டை எதற்கு என்று கேட்கும் உங்கள் நண்பர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சிக்கல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். புகைப்பட அடையாள அட்டை கேட்டுப் போனால் பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் கொண்டுவரச் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்டுப் போனால் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ வங்கிக் கணக்குப் புத்தகமோ வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடவும் வங்கிக் கணக்கு திறக்கவும் மறுபடி புகைப்பட அட்டை வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பார்கள். அதற்கு ஓடிபி வரும் தொலைபேசி எண் வேண்டும், சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் தன் விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறது. எல்லா விதிகளும் சேர்ந்து ஒரு மனிதரைச் சுற்றிச் சுற்றி வரவைக்கின்றன. ஓர் ஆவணமாவது கையில் இருந்தால் அதை வைத்து மற்றவற்றைப் பெற்றுவிடலாம். ஒன்றுமே இல்லாத நிலைக்கு வந்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. அந்த நிலை வருவதற்கு முன் குறுக்கிடுவதைத்தான் தடுப்பு வேலை என்கிறேன்.

இதில் கட்டணத்தை விட அதிகம் வதைப்பது நேரமும் தபாலும்தான் என்பது என் கணிப்பு. ஆவணம் தபாலில் வரும் என்கிறார்கள். எந்த முகவரிக்கு வரும்? விசாரணைக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. பதில் வரவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாகிறது. அலுவலகத்தில் ஒரு முழு நாள் வரிசையில் நிற்பவருக்கு அன்றைய கூலி போகும், காப்பகத்தில் அன்றைய இடமும் போகலாம். பெயர்க் குழப்பம் இன்னொரு தலைவலி. ஒரு சான்றிதழில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். ஓர் இடத்தில் திருமணத்துக்கு முந்தைய பெயர், இன்னோர் இடத்தில் பிந்தைய பெயர். பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம். நிலையான வீட்டில் இருப்பவருக்கு இது ஓரிரு நாள் எரிச்சலோடு முடியும். முகவரி இல்லாதவருக்கு இதுவே முட்டுச்சந்து.

வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கும் கணவரோ தந்தையோ வீட்டில் முதலில் பூட்டி வைப்பது பணத்தையும் ஆவணங்களையும்தான். கடவுச்சீட்டு, படிப்புச் சான்றிதழ்கள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே அலமாரியில், சாவி அவரிடம். வெளியே வந்தால் நீ யார் என்று நிரூபிக்கவே முடியாது என்ற அந்த மிரட்டலில் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் அது பலிக்கிறது. ஆவணம் இல்லாமல் வேறு வீடு கிடைக்காது, குழந்தையைப் புதிய பள்ளியில் சேர்ப்பது கடினம், தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. எனவே பலர் அடியைத் தாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள், அல்லது வெளியேறிய சில நாட்களில் திரும்பிப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் ஆவணங்களுக்கு அந்த வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருந்திருந்தால், பல பெண்களின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

தெருவில் இருப்பவர்களிடமிருந்து ஆவணங்கள் தொலைவதற்குத் திருட்டும் மழையும் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் வண்டிகளும் அள்ளிக்கொண்டு போகின்றன. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சிக்கு எதிராக வீடற்றோர் சிலர் தொடுத்த லாவன் வழக்கு இதைப் பற்றியதுதான். அவர்கள் குளிக்கவோ கழிப்பறைக்கோ சற்று விலகிப் போயிருந்த நேரத்தில் உடைமைகள் அள்ளி அழிக்கப்பட்டன. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்துகள், குடும்ப நினைவுப் பொருட்கள் எல்லாம் அதில் போயின. கைவிடப்படாத உடைமையை இப்படிப் பறித்து உடனே அழிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் சொன்னது. நகராட்சிக்கு அது குப்பை. அதன் உரிமையாளருக்கோ, பல மாத அலைச்சலில் சேர்த்த எல்லாம் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது.

பல ஊர்களில் மானிய வாடகை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் மிக நீளமானது. வீடு காலியாகும்போது, யாருடைய காகிதங்கள் அன்றைக்குத் தயாராக இருக்கின்றனவோ அவருக்குப் போகிறது. நெடுங்காலம் காத்திருந்தவர் ஒரு சான்றிதழ் குறைவதால் தாண்டிச் செல்லப்படுகிறார். ஆகவே தெருவில் இருப்பவருக்கு வீடு ஒதுக்கப்படட்டும், பிறகு ஆவணம் தேடலாம் என்று இருந்துவிட வேண்டாம். பட்டியலில் பெயர் ஏறிய நாளிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

இனி, எங்கே தடுக்க முடியும்? நிறுவனங்களின் வாசலில். சிறை, குழந்தைகள் இல்லம், மனநல மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து வெளியே வருபவர்கள் வீடற்றவர்களாகும் அபாயம் மிக அதிகம். அவர்கள் வெளியே வரப்போகும் நாள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பல மாதம், பல வருடம் ஒருவர் அரசின் பொறுப்பில் இருந்திருக்கிறார். அவர் யார் என்று அரசுக்கு ஐயம் திரிபறத் தெரியும். அப்படியிருந்தும் ஒரு துணிப்பையோடு, ஓர் அட்டைகூட இல்லாமல் அவரை வெளியே அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அமெரிக்காவில் 2014-இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம், அரசின் பராமரிப்பில் வளர்ந்து வயது நிறைந்து வெளியேறும் இளைஞருக்குப் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, மருத்துவக் குறிப்புகள், ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்கிறது. 2018-இல் வந்த இன்னொரு சட்டம், கூட்டாட்சிச் சிறைகளிலிருந்து விடுதலையாகிறவர்கள் ஆவணங்களைப் பெற முன்கூட்டியே உதவச் சொல்கிறது. இவை பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தங்களே அல்ல. விடுதலைத் தேதிக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, முகவரி. நீ யார் என்ற கேள்வியும் நீ எங்கே வசிக்கிறாய் என்ற கேள்வியும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே அட்டையில் முடிச்சுப் போட்டதுதான் இந்தத் துன்பத்தின் வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த முடிச்சைத் தளர்த்திய நாடுகள் இருக்கின்றன. பிரான்ஸில் நிலையான இருப்பிடம் இல்லாத ஒருவர் நகராட்சியின் சமூகநல மையத்தையோ அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொண்டு அமைப்பையோ தன் நிர்வாக முகவரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தச் சான்று ஓராண்டு செல்லும், புதுப்பிக்கலாம். கடிதங்கள் அங்கே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரிலோ தொலைபேசியிலோ அவர் தொடர்பில் இருக்க வேண்டும். அதை வைத்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், உதவித்தொகை பெறலாம். வங்கியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை அடிப்படை வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உரிமையை நிலையான முகவரி இல்லாதவருக்கும் சேர்த்தே வழங்குகிறது.

ரோம் நகரத்தின் வழி வேறு. வரைபடத்தில் தேடினால் கிடைக்காத ஒரு கற்பனைத் தெருவின் பெயரில் அங்கே வீடற்றோர் வசிப்பாளர்களாகப் பதிவு செய்யப்படுகிறார்கள். தெருவின் பெயர் மொடெஸ்டா வாலென்டி. 1983 ஜனவரியில் அந்நகரின் டெர்மினி ரயில் நிலையத்தில் உடல்நலம் குன்றி விழுந்த முதிய பெண்மணி அவர்; அழுக்காக இருந்தார் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொள்ள மறுக்கப்பட்டு, உதவிக்காகக் காத்திருந்தபடியே இறந்தார். இத்தாலியில் வசிப்பாளர் பதிவு இல்லாவிட்டால் குடும்ப மருத்துவர் கிடைப்பது அரிது. உள்ளூர் வாக்காளர் பட்டியலும் அந்தப் பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இல்லாத ஒரு தெரு, இருக்கும் மனிதர்களுக்கு இவ்வளவையும் திறந்துவிடுகிறது.

மூன்றாவது, ஒருவருக்காக இன்னொருவர் உறுதி சொல்வது. காகிதம் வருவதற்கு முன் மனிதர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் காட்டினார்கள். இன்றும் இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் எந்த ஆவணமும் இல்லாதவர், அங்கீகரிக்கப்பட்ட அறிமுகதாரர் ஒருவரின் மூலம் ஆதார் பதிவு செய்ய 2016-ஆம் ஆண்டு விதிகளில் இடம் தரப்பட்டது. நிலையான குடியிருப்பு இல்லாதவர்களுக்கு ஆதார் எண் கிடைக்கச் சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கலிபோர்னியாவில் வீடற்றோருக்கு உதவும் அமைப்பு உறுதி செய்துகொடுத்தால் பிறப்புச் சான்றிதழின் நகல் கட்டணமின்றிக் கிடைக்கும். 2015-இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மாநில அடையாள அட்டைக்கான கட்டண விலக்கு அடுத்த ஆண்டில் வந்தது. இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மனிதரை எங்களுக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்திடக்கூடியவர்கள் நீங்கள்தான்.

வாக்குரிமைக்கு வருகிறேன். வீடற்றோருக்கு வாக்கில்லை என்று பல இடங்களில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதிகாரிகள் உட்பட. சட்டம் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. வீடற்ற ஒருவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல் தான் உறங்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே போய், அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போக வேண்டும். உறுதியானால் வசிப்பிடத்துக்கு வேறு ஆவணச் சான்று தேவையில்லை. குடிமகனைத் தேடி அரசு நடைபாதைக்குப் போக வேண்டும் என்று எழுத்தில் இருக்கும் விதி இது. அது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பது, பெரும்பாலும், அதைத் தெரிந்துவைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில் 1984-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், வழக்கமான வீடு இல்லை என்பதற்காக வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒருவர் வழக்கமாகத் திரும்பி வரும், செய்தி பெறக்கூடிய ஓர் இடம் இருந்தால் போதும் என்றது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலையான முகவரி இல்லாதவர், தான் அதிக நேரம் செலவிடும் பகுதியோடு தனக்குள்ள தொடர்பை அறிவித்துப் பதிவு செய்யலாம். கனடாவில் காப்பகமோ உணவு வழங்கும் மையமோ வசிப்பிடத்தை உறுதி செய்து கடிதம் கொடுக்கலாம்.

ஒரு பக்கம் இப்படிக் கதவு திறக்கும்போதே இன்னொரு பக்கம் மூடவும் செய்கிறது. பிரிட்டனின் 2022 தேர்தல் சட்டம் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. இலவச வாக்காளர் சான்றும் கூடவே அறிமுகமானது. ஆனாலும் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ஏறக்குறைய 14,000 பேர் அடையாளம் இல்லாததால் வாக்களிக்காமல் திரும்பிப் போனதாகத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. இலவசம் என்றதும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று நினைப்பது, இலவசத்துக்கு விண்ணப்பிக்கவும் முகவரியும் நேரமும் தகவலும் வேண்டும் என்பதை மறப்பதாகும்.

குடிமை வாழ்வு என்றால் தேர்தல் நாள் மட்டும் இல்லை. காவலர் நிறுத்திப் பெயர் கேட்கும்போது பதற்றமில்லாமல் பதில் சொல்ல முடிவது, நீதிமன்ற அழைப்பாணை கைக்கு வந்து சேர்வது, நூலக உறுப்பினர் ஆவது, திருமணத்தைப் பதிவு செய்வது, இவையெல்லாம் அதில் அடங்கும். எல்லாவற்றிலும் கனமானது குழந்தையின் பிறப்புப் பதிவு. ஆவணமில்லாத தாயின் குழந்தை பதிவாகாமல் போனால், ஆவணமின்மை அடுத்த தலைமுறைக்குச் சொத்துப்போல் போய்ச் சேர்கிறது. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024-இல் கூறியது. அடையாளச் சான்றே இல்லாதவர்கள் எல்லா வயதிலும் சேர்ந்து சுமார் 85 கோடி என்று உலக வங்கி 2020-களின் தொடக்கத்தில் மதிப்பிட்டது. பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்டபூர்வ அடையாளம் 2030-க்குள் என்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எழுதியிருக்கிறார்கள். பள்ளி விஷயத்தில் அமெரிக்காவின் மெக்கின்னி-வென்டோ சட்டம் நல்ல முன்மாதிரி: வீடற்ற குழந்தையிடம் வழக்கமான சான்றிதழ்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும், காகிதங்களைப் பிறகு தேடலாம்.

அந்த வரிசைதான் சரி. இதனால் ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். ஆவணத்தின் அருமை தெரிந்த பிறகு, நம் உதவிக்கே ஆவணம் கேட்கும் பழக்கம் வந்துவிடக்கூடும். காப்பகத்தின் வாசலில் அட்டை கேட்பது, உணவுப் பொட்டலத்துக்குப் பதிவு எண் எழுதுவது போன்றவை வேண்டவே வேண்டாம். தரவுகள் காவல்துறைக்கோ குடிவரவுத் துறைக்கோ போகும் என்று பயப்படுபவர் உங்கள் பக்கமே வரமாட்டார், அந்தப் பயத்துக்குப் பல நாடுகளில் காரணமும் இருக்கிறது. ஆவணம் பெறும் உரிமைக்காகப் பேசுபவர்கள், எதற்கெடுத்தாலும் ஆவணம் கேட்காதே என்றும் சேர்த்தே பேச வேண்டும்.

உங்கள் குழுவுக்கு எளிமையாகச் சொல்கிறேன். ஒருவரின் மூல ஆவணத்தை எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகலெடுத்து உடனே திருப்பிக் கொடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் ஒரு நகலைப் பூட்டுள்ள இடத்தில் வையுங்கள், மின்னணு நகல் என்றால் கடவுச்சொல்லை அவரே வைத்திருக்கட்டும். முதலில் பிறப்புச் சான்றிதழையே பிடியுங்கள். பிறந்த மருத்துவமனைப் பதிவு, பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் எங்கோ கிடைக்கும். உள்ளூர் விதிகள் அனுமதித்தால் உங்கள் அலுவலகத்தைக் கடித முகவரியாகக் கொடுங்கள், வரும் கடிதங்களைத் தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கப் போகிறவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். கூட யாராவது நின்றால் அலுவலகத்தில் பதில் சொல்லும் விதமே மாறும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தடுப்பு வேலைக்கு, வாடகை பாக்கியில் தவிக்கும் குடும்பங்களிடம் போய்ச் சேருங்கள். வீடு போவதற்கு முன்பே அவர்களின் எல்லா ஆவணங்களுக்கும் நகல் எடுங்கள், காலாவதியானதைப் புதுப்பியுங்கள், பெயர்ப் பிழைகளைத் திருத்துங்கள். முகவரிச் சான்று இன்னும் செல்லுபடியாகும்போதே அதைக் காட்டி வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிவிடுங்கள். காலி செய்த மறுநாள் அந்தச் சான்றால் பயனில்லாமல் போய்விடும். அருகிலுள்ள சிறையின் நலப் பிரிவுக்கும் குழந்தைகள் இல்லத்துக்கும் இந்த மாதமே கடிதம் எழுதி, அடுத்த ஆறு மாதத்தில் வெளியே வரப்போகிறவர்களில் யாரிடம் ஆவணம் இல்லை என்று கேளுங்கள்.